மகள் எந்த நாள் வந்து இறங்குவாள்? நூலும் விரலும் போதும்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வரும் மகளை அழைத்துவர, ஒரு நாள் முன்னதாகவே பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் போய் நின்றவன் நான். அதுவும் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார்! அல்சூரில் எங்கள் தெருவே சிரித்தது. போகட்டும், கணக்கைச் சரியாகப் போடும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் வரைபடத்தை நம்பாதீர்கள். வடக்கே போகப் போக அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். உலக உருண்டையும் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். என் உருண்டையில் நிலநடுக்கோட்டைச் சுற்றினால் நூல் 94 செ.மீ. வருகிறது. உண்மையில் அது ஏறத்தாழ 40,000 கி.மீ. அடுத்து பெங்களூருவில் நூல்முனையை அழுத்திப் பிடித்து, சான் பிரான்சிஸ்கோ வரை தொய்வில்லாமல் இழுங்கள். எனக்கு 33 செ.மீ. வந்தது. 33ஐ 40,000ஆல் பெருக்கி 94ஆல் வகுத்தால் சுமார் 14,000 கி.மீ.

நூல் போகிற வழியைப் பாருங்கள்: திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா! பசிபிக்கை நேரே கடப்பதுதான் குறுக்குவழி என்று என் மாணவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் விமானமும் நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. திபெத்தின் மேல் பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், மூச்சுவிட ஏற்ற உயரத்துக்கு இறங்க மலைகள் இடம் தராது. ஆகவே பெரும்பாலும் சுற்றித்தான் போகிறார்கள்.

நேரம் எளிது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் 16 மணி நேரம். சுற்றுவழிக்கும் காற்றுக்குமாக இன்னும் ஒன்றிரண்டு மணி விட்டுவைக்க வேண்டும். மேலே மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும்.

நான் கோட்டைவிட்டது டிக்கெட்டில். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் கலிபோர்னியா நமக்கு 13½ மணி நேரம் பின்தங்கியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12½. எனவே கழிக்கும் முன்பு புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் இந்திய நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். மகள் புறப்பட்டது ஜனவரியில், வெள்ளி இரவு 9 மணிக்கு. நமக்கு அது சனி காலை 10:30. பயணத்துக்கான பதினேழு மணி நேரத்தை விரல்விட்டு எண்ணினால் ஞாயிறு அதிகாலை 3:30. நானோ சனி அதிகாலை 3:30க்கே மாலையும் கையுமாக நின்றேன். அங்கே அப்போது வெள்ளி மதியம் 2 மணி. அவள் பெட்டிகூடக் கட்டவில்லை.

இறங்கும் நேரம் தெரிந்ததும் உடனே ஓடாதீர்கள். குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதிகாலையில் விமான நிலையம் போகும் வழியில் ஹெப்பாள் மேம்பாலம் காலியாகத்தான் இருக்கும்.