கற்பனைக் குழுவின் சின்னத்துக்கு வயது கூட்டிய விதம்

நான் எழுதிவரும் தொடர்கதையில், மெட்ராஸ் துறைமுகத் தொழிலாளர்கள் 1930-களில் தொடங்கியதாக ஒரு கால்பந்துக் குழு வருகிறது. அதற்கு வரைந்த நான்கு காலகட்டச் சின்னங்களும் ஒரே கணினியில் ஒரே மூச்சில் பிறந்தவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது; நங்கூரத்தின் வடிவம் மாறியதே தவிர, கோட்டின் தடிமனும் நீலத்தின் அடர்த்தியும் மாறவே இல்லை.

அழகை ஒதுக்கிவிட்டு, அந்தந்தக் காலத்தில் சட்டையில் எதைச் செய்ய முடிந்திருக்கும் என்று யோசித்த பிறகுதான் வேலை நகர்ந்தது. முதல் சீருடை கனத்த பருத்திச் சட்டை. சின்னமோ நெஞ்சில் கையால் தைத்த துணித்துண்டு. ஆகவே நங்கூரத்தைச் சுற்றிய கயிற்றை நீக்கி, ஊசி திரும்பக்கூடிய அளவுக்கு வளைவுகளை அகலப்படுத்தி, கருநீலத்தைப் பலமுறை துவைத்து வெளுத்த நிறமாக்கினேன். இங்கிலாந்தின் கால்பந்து லீக்கே 1939-இல்தான் முதுகு எண்ணைக் கட்டாயமாக்கியது என்பதால், அந்தச் சட்டைக்கு எண் வைக்கவில்லை. ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து செல்லும் வடிவங்களை, சாயத்தைப் பாலியெஸ்டர் இழையிலேயே ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு வந்த காலத்துக்கு ஒத்திவைத்தேன்.

நகரின் பெயர் 1996-இல் சென்னை என்று மாறியது பெரும் உதவியாக அமைந்தது. நிர்வாகம் புதிய பெயரைச் சின்னத்தில் பொறிக்க, ரசிகர்கள் பழைய சட்டையிலேயே அரங்குக்கு வருவதாக எழுதினேன். இடையில் ஒரு சின்னத்தை வேண்டுமென்றே அவலட்சணமாக விட்டிருக்கிறேன். நிஜக் குழுக்களில் அப்படி ஒன்றாவது இல்லாமல் இருக்காது.