ராசிச்சக்கர ஒளியை வெறுங்கண்ணால் பார்ப்பது எப்படி?

டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம். நிலவில்லாத ஓர் இரவும் இருட்டான ஓர் ஊரும் போதும். மேற்கு அடிவானத்திலிருந்து கூம்பு வடிவில் எழுந்து நிற்கும் மங்கலான வெளிச்சத்தை யாரும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் சோடியாகல் லைட் என்பார்கள்.

கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் இது தெரிகிறது. வால்நட்சத்திரங்கள் உதிர்த்ததும் சிறுகோள்கள் மோதி நொறுங்கியதுமாகச் சேர்ந்த தூசி அது. பூமியும் மற்ற கோள்களும் சுற்றுகிற தளத்தை ஒட்டியே பரவிக் கிடப்பதால், வெளிச்சமும் ராசிகளின் வழியாகவே நீள்கிறது. 1683-ல் பாரிஸில் இருந்த வானியலாளர் காசினி இதைக் கவனித்து விரிவாக எழுதினார். குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே இந்தத் தூசியை ஆராய்ந்துதான் 2007-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1. நாளைக் குறியுங்கள்

தமிழ்நாட்டுக்கு மாசி, பங்குனி மாலைகளைத்தான் நான் சொல்வேன். வானம் தெளிவாக இருக்கும். ராசிகள் செல்லும் பாதையும் மேற்கில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். ஐரோப்பாவில் பல மாதங்கள் அது சாய்ந்து கிடந்து, அடிவானப் புகைமூட்டத்தில் மறைந்துவிடும். இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்தான். காலண்டரில் பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் முதல் அமாவாசை வரை உள்ள நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இடம்

மேற்கே பெரிய ஊர் இருக்கக் கூடாது. ஊர் உங்களுக்குக் கிழக்கே இருந்தால் பரவாயில்லை. மலை கிராமம், வயல்வெளி, ஏரிக்கரை எதுவானாலும் சரி, மேற்கு அடிவானம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். பால்வழி தெளிவாகத் தெரியாத ஊரில் இதற்காக நிற்காதீர்கள்.

3. கண்ணைப் பழக்குங்கள்

ஏழு மணிக்கே போய்விடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தால்கூட முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

4. பாருங்கள்

சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம், அதாவது ஏழே முக்கால் வாக்கில், அந்தி வெளிச்சம் முழுக்க அடங்கியிருக்கும். அதன்பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம்.

மேற்கே திரும்பி முதலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். கூம்பின் நுனி அதை நோக்கித்தான் போகும். அடி அகலம், மேலே போகப்போகக் குறுகல். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவதெல்லாம் சின்னதாக ஏதோ ஒன்றைத் தேடுவதால்தான். இது பாதி வானம் வரை ஏறும் பெரிய உருவம். ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால் தெரியாது. தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் தலையை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வானம் வெளுத்து, மறுபடி கறுக்கும். அந்த இரண்டு ஓரங்களும் பிடிபட்டால் உருவம் முழுதும் தானாகத் தெரியும்.

வெள்ளிக் கோள் மேற்கில் இருந்தால் கண் கூசும். ஒரு மரம் அதை மறைக்கும்படி தள்ளி நில்லுங்கள்.

5. அதுதானா?

பால்வழி தலைக்கு மேலாகத் திட்டுத்திட்டாக ஓடும். இதில் திட்டுகள் இருக்காது. ஊர் வெளிச்சம் தாழ்வாக, அகலமாகக் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஊர் வெளிச்சம் அங்கேயே இருக்கும், கூம்பு இறங்கி மங்கியிருக்கும்.

விடியலுக்கு முன் கிழக்கிலும் இது தெரியும், புரட்டாசி, ஐப்பசியில் மேகம் விட்டால். இஸ்லாமிய மரபில் பொய் வைகறை என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். அது மேல்நோக்கி நிமிர்ந்து எழும், உண்மை வைகறை அடிவானம் நெடுகப் பரவும். அதே அடையாளம் உங்களுக்கும் உதவும்.

படம் எடுக்க

ட்ரைபாட் கட்டாயம். 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். போனில் ப்ரோ மோடு இருந்தால் அதிலும் எடுக்கலாம்.

கூம்பு பழகிவிட்டால், மாசி நள்ளிரவில் தலைக்கு மேலே சிம்ம ராசிப் பக்கம் தேடுங்கள். சூரியனுக்கு நேரெதிர்த் திசையில், முழுநிலவைப் போல முகம் முழுக்க ஒளிபட்ட தூசியின் வட்டமான பூச்சு அங்கே இருக்கும். பெயர் கெகன்ஷைன். கூம்பைவிட மிக மங்கல், கிழக்கிலும் மேற்கிலும் எந்த ஊர் வெளிச்சமும் இல்லாத இடத்தில்தான் கிடைக்கும்.