நாய்க்கும் ஐஸ்பழம்: வீட்டிலேயே செய்வது எப்படி

சித்திரை மாதம் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் மத்தியானத்தில் ஒரு இலைகூட அசையாது. எங்கள் கறுப்பி குளியலறை வாசல் டைல்ஸில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு இரைப்பாள். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூடு பெரும்பாலும் இரைப்பில்தான் வெளியேற வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்த கொழும்பில் அந்த இரைப்பும் சரியாகப் பலிப்பதில்லை.

அதனால்தான் ஐஸ்பழம் செய்யத் தொடங்கினேன். "நாய்க்கு ஐஸ்பழமோ? எங்களுக்கு ஆர் செய்து தாறது?" என்று அம்மா கேட்டா. அது வேறு கதை.

முதல் தடவை தண்ணீரில் துளி கோழி ரசம் கலந்து உறைய வைத்தேன். கல்லுப் போல வந்தது. கறுப்பி மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, உறைந்த சாப்பாட்டில் மணம் அமுங்கிவிடும். நாய் நாக்கை விட மூக்கைத்தான் நம்பும், ஆகவே மணம் தூக்கலான பொருளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீனி போட்டு இழுக்கத் தேவையில்லை. இரண்டு, வெறும் தண்ணீர் உறைந்தால் பல் உடையும் அளவுக்கு இறுகிவிடும். பழம், பூசணி, தயிர் என்று ஏதாவது சதைப்பற்றுச் சேர்ந்தால் மெதுவாக, நக்கித் தின்னக்கூடியதாக வரும்.

புதிதாகச் செய்கிறவர்கள் கோழி–பூசணியில் தொடங்குங்கள். வேண்டாம் என்று சொன்ன நாயை நான் இன்னும் காணவில்லை.

1. தோல் நீக்கிய கோழி இறைச்சி 250 கிராம், தண்ணீர் நான்கு கப். உப்பு, வெங்காயம், உள்ளி, மிளகாய் எதுவும் வேண்டாம். மூடி வைத்து அரை மணி நேரம் அவியுங்கள்.

2. இறைச்சியை எடுத்து நாருநாராகப் பிய்த்து வையுங்கள். எலும்போடு அவித்திருந்தால் ஒரு துண்டும் மிஞ்சாமல் பொறுக்கி எறியுங்கள். அவிந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

3. ரசத்தை ஆற வைத்து இரவு முழுக்க பிரிட்ஜில் விடுங்கள். காலையில் கொழுப்பு வெள்ளையாக மேலே கட்டியிருக்கும். கரண்டியால் வழித்துவிடுங்கள். சோம்பலில் இதை விட்டுவிட வேண்டாம். கொழுப்பு கூடினால் சில நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும், கணையமும் வீங்கலாம்.

4. ஒரு துண்டுப் பூசணிக்காயை அவித்து மசியுங்கள். மசித்தது ஒரு கப், ரசம் ஒரு கப், ஒரு கைப்பிடி இறைச்சி. கூழ்ப் பதத்துக்கு வர வேண்டும்.

5. ஐஸ் தட்டில் ஊற்றி ஆறு மணி நேரம். குச்சி குத்த வேண்டாம், நாய் குச்சியையும் சேர்த்து விழுங்கும்.

மிச்ச இறைச்சியைச் சோற்றோடு வைக்கலாம். ஆனால் ரசம் வைக்கச் சோம்பி சூப் கட்டியைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதில் உப்பும் வெங்காயத் தூளும் இருக்கும். நேற்றைய குழம்பின் தண்ணியும் அப்படித்தான். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது.

பழம் போட்டுச் செய்வதானால் பப்பாசி–தயிர். தோலும் விதையும் நீக்கிய பப்பாசி ஒரு கப், தயிர் அரைக் கப், ஒன்றாக அடித்து ஊற்றினால் முடிந்தது. பதினைந்து கட்டி வரை வரும். தயிர் என்றால் சட்டித் தயிர்தான், தேன்பாணி ஊற்றாமல். கடையில் கப்பில் விற்கும் யோகட்டில் பெரும்பாலும் சீனி இருக்கும். 'சீனி இல்லாதது' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம், சைலிட்டோல் போட்டிருக்கலாம். லேபலில் ஈ967 என்றும் போடுவார்கள். நாயின் இரத்தச் சீனியை அது சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். கச்சான் பட்டர் சேர்க்கிறவர்களும் இதைப் பார்த்தே வாங்குங்கள். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம் என்பதால் கணைய வருத்தம் வந்த நாய்க்குத் தயிரை விட்டுவிடுங்கள்.

வத்தகப்பழம் இன்னும் சுலபம். விதையெடுத்து நசித்து உறைய வையுங்கள். ஆனால் தண்ணீர்ச் சத்து மிக அதிகம், கல்லாகிவிடும். நான் பாதி வாழைப்பழம் சேர்ப்பேன்.

முந்திரிகைப்பழம் (திராட்சை), கேக்குக்குப் போடும் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, சொக்கலேட், இவை கொஞ்சமும் வேண்டாம். மிச்ச ஐஸ்கிரீமைக் கொடுப்பதும் அவ்வளவு நல்லதில்லை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

அளவு? தின்பண்டம் ஒரு நாள் சாப்பாட்டுக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரி என்றால், 60 வரை. ஒரு பப்பாசிக் கட்டி 11, 12 கலோரிதான், ஆனாலும் நான் இரண்டோடு நிறுத்திவிடுவேன். பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் நாள் அரைக் கட்டி. நீரிழிவோ சிறுநீரக வருத்தமோ உள்ள நாய் என்றால் மிருக வைத்தியரைக் கேட்காமல் பழம் கொடுக்க வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். மேற்பரப்பு இளகியதும் மணம் எழும். அவசரமாக விழுங்கும் பெரிய நாய் என்றால் கட்டியாகப் போடாமல், ஒரு தட்டையான கோப்பையில் மெல்லிசாக உறைய வைத்து அப்படியே நக்கவிடுங்கள். தொண்டையில் சிக்காது. நாய் தின்ற இடத்தை உடனே துடையுங்கள். கறுப்பி ஒரு கட்டியைச் செற்றிக்குக் கீழே ஒளித்துவைத்த அன்று வீட்டில் எறும்பு ஊர்வலம்.

ஒரு விஷயம் முக்கியம். நாய் தள்ளாடினால், எச்சில் பிசுபிசுத்து வாந்தியெடுத்தால், அது வெக்கை ஏறிய அறிகுறி. அப்போது ஐஸ்பழம் மருந்தாகாது, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேனைப் போட்டு, வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

உறைந்ததும் கட்டிகளைத் தட்டிலிருந்து கழற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். நீண்ட கரண்ட் கட்டில் உருகியதை மறுபடி உறைய வைக்காமல் எறியுங்கள். டப்பாவில் 'நாய்க்கு' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பூசணியும் பப்பாசியும் உறைந்தால் ஒரே நிறம். எங்கள் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "பப்பாசியில் ஏன் கோழி மணக்குது?" என்று கேட்டார்.