சிலேசியாவுக்கு வருகிறீர்களா? எந்தச் சிலேசியா என்று முதலில் பாருங்கள்

போலந்தின் சிலேசியாப் பகுதிக்கு வேலைக்கு வந்தால் வீடு, வங்கிக் கணக்கு, பெசெல் எண் (அரசு தரும் அடையாள எண்) எல்லாம் எப்படியும் முடிந்துவிடும், கம்பெனி எச்.ஆரே பாதி வேலையைப் பார்த்துவிடுவார். தங்கும் அனுமதிக்கான மனுவில்தான் வில்லங்கம். போலந்தில் அது நீங்கள் குடியிருக்கும் மாகாணத்தின் ஆளுநருக்குப் போக வேண்டும்.

வ்ரோத்ஸ்வாஃபில் வேலை பார்க்கும் என் நண்பனின் மனுவை, ஊரிலேயே பணம் வாங்கிக்கொண்ட ஒரு ஏஜென்ட் காட்டோவிட்சேவுக்கு அனுப்பிவிட்டார். "சிலேசியா மாகாணம்னா காட்டோவிட்சேதானே" என்றாராம். வ்ரோத்ஸ்வாஃப் இருப்பதோ கீழ்ச் சிலேசியா மாகாணத்தில். மனு சுற்றிவிட்டு உரிய இடம் வந்து சேருவதற்குள் விசா முடிந்தது. தங்கும் அனுமதி அட்டை வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வரப் புது விசா எடுக்க வேண்டும். தங்கை கல்யாணத்தை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தான்.

அந்த ஏஜென்ட் கொஞ்சம் வரலாறு படித்திருக்கலாம். 1138இல் போலந்தை ஆண்ட மூன்றாம் போலெஸ்வாஃப் இறந்து, நாடு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது சிலேசியா மூத்தவன் பங்கு. வ்ரோத்ஸ்வாஃப்தான் அதன் தலைநகர். அப்புறம் பங்காளிகள் அதைத் துண்டு துண்டாக்கினார்கள். பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), 1526 முதல் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம், 1742இல் பெரும்பகுதி ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கு என்று கைமாறிக்கொண்டே போனது. மூன்று கிளர்ச்சிகளும், ஜெர்மனியா போலந்தா என்ற 1921 வாக்கெடுப்பும் நடந்து, 1922இல் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கிழக்குத் துண்டு போலந்துக்கு வந்தது. காட்டோவிட்சேவைத் தலைநகராக வைத்து, தனிச் சட்டமன்றத்தோடு 'சிலேசியா மாகாணம்' நடந்தது அங்கேதான். வ்ரோத்ஸ்வாஃப் 1945வரை ஜெர்மனியில்! பெயர் காட்டோவிட்சேவோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

1999இல் போலந்தை 16 மாகாணங்களாக மாற்றியபோதும் அதுவே நிலைத்தது. மேற்கே கீழ்ச் சிலேசியா, அதற்கு வ்ரோத்ஸ்வாஃப். கிழக்கே சிலேசியா, அதற்குக் காட்டோவிட்சே. நடுவில் ஓபோலே தனி மாகாணம். அதைக் கலைக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை.

காட்டோவிட்சே பக்கத்திலேயே சோஸ்னோவியெட்ஸில் வீடு பிடித்தால் மனு காட்டோவிட்சேவுக்குத்தான். ஆனால் அந்த ஊர்க்காரரைச் சிலேசியர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இடையில் ஓடும் ப்ரினிட்சா ஆறு ஒரு காலத்தில் பிரஷ்யாவுக்கும் ரஷ்யப் பேரரசுக்கும் எல்லை; சோஸ்னோவியெட்ஸ் ரஷ்யப் பக்கம். என்னோடு வேலை பார்க்கும் சோஸ்னோவியெட்ஸ்காரர் ஒருவர், நடுவில் கட்டைவிரலால் குழி அழுத்திய உருளைக்கிழங்கு உருண்டைகளில் கிரேவியை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சாப்பாடு சிலேசியாவுடையது. நான் இல்லை."

சரி, ஏஜென்டிடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மனு எந்த மாகாண அலுவலகத்தில் சேர்ந்தது என்று காட்டும் ரசீது கைக்கு வரும்வரை பாதிப் பணத்தைப் பிடித்து வையுங்கள்.