கார்ன்டு பீஃப் ஹாஷ்: முறுகலைக் கெடுக்கும் தவறுகள்

கார்ன்டு பீஃப் ஹாஷ் என்பது, உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சியை (கார்ன்டு பீஃப்) உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு வாணலியில் வறுத்தெடுப்பது. முதல் தடவை அதைச் செய்கிறவர்களின் வாணலியில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே பண்டம்தான்: உப்புக் கரிக்கும், எண்ணெய் மிதக்கும் உருளைக்கிழங்கு மசியல். வெங்காயம் கருகியது, துண்டுகள் சமமாக இல்லாதது போன்றவை இரண்டாவது முறையில் தானே சரியாகிவிடும். தவறு என்றே தெரியாமல் தொடர்கிறவைதான் இங்கே பேச்சு.

இரண்டு மூன்று பேருக்கு அளவு இது: 340 கிராம் டின் ஒன்று (அல்லது அதே எடைக்கு வேகவைத்த கார்ன்டு பீஃப்), உருளைக்கிழங்கு 500 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, எண்ணெயோ வெண்ணெயோ 2 மேசைக்கரண்டி. வாணலி 28 முதல் 30 செ.மீ. அகலம், தட்டையான அடி. வார்ப்பிரும்பு இருந்தால் மிக நல்லது.

டின் இறைச்சியையும் துண்டு இறைச்சியையும் ஒன்றாக நடத்துவது

மாட்டின் நெஞ்சுப் பகுதியை உப்புநீரில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைத்த துண்டு நார் நாராக இருக்கும். அதை முழுக்க ஆறவைத்து, நாருக்குக் குறுக்காக 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் வாணலியில் எவ்வளவு நேரமும் தாங்கும். கொழுப்பு குறைவான துண்டு என்றால் இன்னொரு மேசைக்கரண்டி வெண்ணெய் வேண்டும்.

டின்னில் இருப்பது வேறு. ஏற்கெனவே நன்றாக வெந்து, கொழுப்போடு அழுத்தி அடைத்தது. சூடு பட்டதும் கொழுப்பு உருகி, துண்டு கரைந்துபோகும். டின்னை முந்தைய இரவே குளிர்பெட்டியில் வையுங்கள். கொழுப்பு உறைந்திருந்தால் கத்தி சுத்தமாக இறங்கும், கனசதுரங்களாக வெட்டலாம். வாணலியில் அதைக் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும். கொழுப்பை அதுவே கொண்டுவருவதால் எண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம்.

கை சும்மா இராமல் கிளறுவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை. கிழங்கு வாணலியில் விழுந்த அரை நிமிடத்தில் கரண்டி உள்ளே போய்விடும். அடிப்பிடித்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் அடிப்பிடிக்க வைப்பதே அந்தக் கிளறல்தான்.

கிழங்கின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வாசனையும் 140 டிகிரியை ஒட்டித்தான் மளமளவென்று வரத் தொடங்கும். ஒரு பக்கம் காய்ந்து சூடேறும் நேரத்தில் புரட்டினால், ஈரமான இன்னொரு பக்கம் அடிக்குப் போகிறது. கணக்கு மறுபடி முதலிலிருந்து. பாதி உருவான மெல்லிய பொருக்கு பிய்ந்து வாணலியில் தங்குகிறது. உடைந்த கிழங்கிலிருந்து வெளியேறும் மாவுச்சத்து பசையாகி ஒட்டுகிறது. அதைச் சுரண்ட இன்னும் எண்ணெய், இன்னும் கிளறல். பத்து நிமிடத்தில் மசியல் தயார்.

சரியான வழி அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. வெந்தாலும் கட்டியாக நிற்கும் வகைக் கிழங்கை 1 செ.மீ. துண்டுகளாக்கி, லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்த தண்ணீரில் போடுங்கள். கொதி வந்த பிறகு 5 நிமிடம் போதும். வினிகரின் புளிப்பு, துண்டின் ஓரம் கரையாமல் பார்த்துக்கொள்ளும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி 10 நிமிடம் விடுங்கள். ஆவி அடங்கி, ஓரங்கள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து உலர வேண்டும். முந்தைய நாளே வேகவைத்துக் குளிரில் வைத்த கிழங்கு இன்னும் உறுதியாக நிற்கும்.

வெங்காயத்தைத் தனியே வதக்கி எடுத்து வையுங்கள். அது விடும் தண்ணீர் கிழங்குக்கு ஆகாது. பிறகு மிதமான தீயில் வாணலியை 3 நிமிடம் காயவைத்து, எண்ணெய் விட்டு, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 6 நிமிடம் தொடக் கூடாது. ஒருமுறை புரட்டி இன்னும் 5 நிமிடம். இப்போது வெங்காயமும் இறைச்சியும் சேர்த்துத் தட்டைக் கரண்டியால் அழுத்திவிடுங்கள். 2 மேசைக்கரண்டி க்ரீமை மேலே பரவலாக விட்டால் பொருக்கு சேர்ந்து பிடிக்கும், நிறமும் நன்றாக வரும். மறுபடி 7, 8 நிமிடம் கை வைக்காதீர்கள்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஈரம் போகும் 'உஸ்' சத்தம். பிறகு அது தணிந்து, காய்ந்த சிறு வெடிப்பாக மாறும். வாணலியை ஆட்டினால் எல்லாம் ஒரே தட்டாக நகரும். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கரண்டி தடையில்லாமல் நுழைந்தால் ஆயிற்று, ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். கால் கால் பாகமாகப் புரட்டி, மறுபக்கத்துக்கு 5 நிமிடம்.

உப்பு

போடாதீர்கள். 'கார்ன்' என்பது இங்கே சோளம் அல்ல, இறைச்சியைப் பதப்படுத்திய பரல் உப்பு. மிளகுத்தூள் மட்டும் போதும்.

மூடி

முட்டை ஊற்றும்வரை வேண்டாம்.

இரண்டு செய்முறைகளைக் கலப்பது

பிரிட்டன் வீடுகளில் 150 மி.லி. இறைச்சிச் சாறும் ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர்ஷைர் சாஸும் விட்டுக் குழைவாகச் செய்வதும் உண்டு. அது அருமையான ஹாஷ்தான். முறுகலை மட்டும் அதில் தேடக் கூடாது. முறுகலாக வந்ததன் மேல் சாறு ஊற்றுவது இரண்டையும் கெடுப்பது.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 'ரெட் ஃப்ளானல் ஹாஷ்' என்று பீட்ரூட் சேர்ப்பார்கள். வேகவைத்த பீட்ரூட் 150 கிராம் போதும். அதன் சர்க்கரை சீக்கிரம் கருகும், அதன் சிவப்பு கருகுவதையே மறைத்துவிடும். தீயைக் குறைத்து, மூக்கை நம்புங்கள்.

ஓவனில் செய்கிறவர்கள் தட்டைக் குளிர்ந்தபடியே உள்ளே வைக்கிறார்கள். 220 டிகிரியில் தட்டும் சேர்ந்து காய வேண்டும். கிழங்குக்கு 25 முதல் 30 நிமிடம், இறைச்சி சேர்த்த பிறகு இன்னும் 10.

முட்டை

பொருக்கு முடிந்த பிறகு. குழி செய்து உடைத்து ஊற்றி, சிறு தீயில் மூடி 4 நிமிடம்.

மிச்சத்தை டின்னிலேயே வைப்பது

திறந்த டின்னில் மீந்த இறைச்சியை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரில் வைத்து, 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீந்த ஹாஷை மைக்ரோவேவில் வைத்தால் தொளதொளத்துப் போகும். எண்ணெய் விடாமல் காய்ந்த வாணலியில் அழுத்திப் பரப்பினால் 6 நிமிடத்தில் முறுகல் திரும்பிவிடும். அப்போதும் கிளறாதீர்கள்.