ஃப்ளட்டர் செயலியில் கோட்டு வரைபடம்: அச்சுகளைச் சரியாக அமைப்பது எப்படி?

ஒரு கடையின் ஏழு நாள் விற்பனையைக் கோட்டு வரைபடமாகக் காட்டுவோம். செயலி உருவாக்கும் கருவியான ஃப்ளட்டரில் இதற்கு எஃப்எல் சார்ட் என்ற வரைபட பேக்கேஜ் போதும். புராஜெக்ட் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து ‘ஃப்ளட்டர் பப் ஆட் எஃப்எல்_சார்ட்’ கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் இறங்கிவிடும்.

படி 1: தரவு

திங்கள் 2400, செவ்வாய் 1800, புதன் 0, வியாழன் 9500, வெள்ளி 4200, சனி 6100, ஞாயிறு 5300. ஒவ்வொரு நாளும் ஒரு எஃப்எல்ஸ்பாட், அதாவது வரைபடத்தில் ஒரு புள்ளி. அதன் முதல் எண் கிடை அச்சு, அடுத்தது நிலைக்குத்து அச்சு. கிடை அச்சுக்குத் தேதியை மில்லிசெகண்டாகத் தராதீர்கள். 0 முதல் 6 வரை வரிசை எண்ணே வசதி. இரண்டு எண்ணும் டபுள் (தசம எண்) வகை என்பதால், இன்ட் (முழு எண்) மாறியாக இருந்தால் டுடபுள் போட்டு மாற்றுங்கள்.

புதன் கடை விடுமுறை, அதனால் 0 சரி. கணக்கே எழுதாத நாளுக்கு 0 போட்டால் அது பொய்க்கணக்கு. அங்கே எஃப்எல்ஸ்பாட்டின் வெற்றுப் புள்ளியான நல்ஸ்பாட்டைக் கொடுங்கள், கோடு அந்த இடத்தில் விட்டுத் தொடரும்.

படி 2: உயரம்

கோட்டு வரைபடத்தை வரையும் லைன்சார்ட்டை, உறுப்புகளை மேலிருந்து கீழாக அடுக்கும் ‘காலம்’ விட்ஜெட்டுக்குள் நேராக வைத்தால் உயரத்துக்கு எல்லை இல்லாமல் பிழை வரும். 240 உயரமுள்ள சைஸ்டுபாக்ஸுக்குள் வையுங்கள்.

படி 3: அச்சுகள்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். எதுவும் சொல்லாவிட்டால் நான்கு பக்கமும் எண்கள் வரும். மேற்பக்கமும் வலப்பக்கமும் வேண்டாம், அவற்றுக்கு ஷோடைட்டில்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

கீழே கிழமைப் பெயர் வர, அச்சின் ஒவ்வொரு இடத்துக்கும் எழுத்தைத் தரும் கெட்டைட்டில்ஸ்விட்ஜெட் ஃபங்ஷனை எழுதுவீர்கள். ‘திங்கள், திங்கள், செவ்வாய், செவ்வாய்’ என்று இரட்டிப்பாக வந்தால் காரணம் இதுதான்: 0.5, 1.5 போன்ற இடங்களுக்கும் அது அழைக்கப்படுகிறது, நீங்கள் டுஇன்ட் போட்டு தசமத்தை வெட்டி 0, 1 ஆக்கிவிடுகிறீர்கள். அச்சில் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியான இன்டர்வலை 1 என்று வையுங்கள், தீர்ந்தது.

சிறிய திரையில் முழுப்பெயர் கொள்ளாது. சுருக்க வேண்டி, முதல் துண்டை மட்டும் எடுக்கும் சப்ஸ்ட்ரிங் 0, 1 போட்டால் தமிழ் உடைந்துவிடும். ‘தி’ என்பது கணினிக்கு த, இகரக் குறி என இரண்டு துண்டு. செவ்வாயும் சனியும் ‘ச’ ஆகும். வியாழனும் வெள்ளியும் ‘வ’ ஆகும். முதல் எழுத்தை முழுதாக எடுக்கும் கேரக்டர்ஸ் ஃபர்ஸ்ட் பயன்படுத்துங்கள். தி, செ, பு, வி, வெ, ச, ஞா என்று ஒழுங்காகக் கிடைக்கும்.

இடப்பக்கம் மினிமம் 0, மேக்ஸிமம் 10000, இன்டர்வல் 2500. பக்க எண்களை அமைக்கும் சைட்டைட்டில்ஸை நீங்களே எழுதினால், அவற்றுக்கு ஒதுக்கும் இடமான ரிசர்வ்டுசைஸ் 22 தான். அதில் 10000 ஒரே வரியில் கொள்ளாமல் மடங்கலாம். 48 கொடுங்கள்.

படி 4: வளைவு

இஸ்கர்வ்டை ட்ரூ ஆக்கினால் கோடு அழகாக வளையும். ஆனால் செவ்வாயிலிருந்து புதனுக்கு இறங்கும்போது 0-க்குக் கீழே போய்த் திரும்பும். வியாழனின் 9500-ஐ நோக்கிய ஏற்றத்துக்காகக் கோடு முன்கூட்டியே குழிவதே காரணம். பார்ப்பவருக்கு விற்பனை மைனஸில் போனதாகத் தோன்றும். இப்படி வளைவு எல்லை மீறுவதைத் தடுக்கும் பிரிவென்ட்கர்வ்ஓவர்ஷூட்டிங்கை ட்ரூ ஆக்குங்கள். பணக் கணக்கு என்றால் வளைவே இல்லாமல் நேர்கோடாக விடுவது இன்னும் நல்லது.

கடைசியாக, பட்டியல் காலியாக இருந்தால் வரைபடத்துக்குப் பதில் ‘இன்னும் விற்பனை பதியவில்லை’ என்று ஒரு வரி காட்டுங்கள்.