ரேட்டிங் இல்லாதவருக்கு ஒரு வார இறுதி செஸ் போட்டி: பதிவிலிருந்து கடைசிச் சுற்று வரை

தினமும் செயலியில் ஆடுகிறீர்கள். அலுவலகத்திலும் அபார்ட்மெண்டிலும் உங்களை யாரும் சுலபத்தில் ஜெயிப்பதில்லை. அடுத்தது என்ன என்று கேட்டால் என் பதில் இதுதான்: சனி, ஞாயிறு நடக்கும் ஃபிடே ரேட்டிங் ரேபிட் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள். ஃபிடே என்பது உலகச் செஸ் கூட்டமைப்பு. ரேட்டிங் என்பது ஆட்டத் திறனுக்கு அது தரும் எண். ரேபிட் என்றால் குறைந்த நேரத்தில் முடியும் ஆட்டம். தமிழ்நாட்டில் கல்லூரி அரங்கம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று எங்காவது இப்படி ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. நாள்கணக்கில் நீளும் கிளாசிக்கல் போட்டிக்கு லீவு போட வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ரேட்டிங் இல்லாமல் போகிறவருக்குச் சனிக்கிழமை கொஞ்சம் அலைக்கழிப்பாகவே இருக்கும். உங்களுக்கான நிஜமான போட்டி ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிறுக்கு மூளையும் உடம்பும் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்குத்தான் கீழே இருக்கும் எல்லாமே.

1. புராஸ்பெக்டஸை முழுக்கப் படியுங்கள்

போட்டி அறிவிப்பை எல்லோரும் புராஸ்பெக்டஸ் என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வரும். பரிசுத்தொகைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது முதலில் சுற்றுகளின் எண்ணிக்கை. ஒன்பது சுற்று என்றால் சனி ஐந்து, ஞாயிறு நான்கு என்று பிரித்திருப்பார்கள்.

அடுத்தது நேரக் கட்டுப்பாடு. '15+10' என்று இருந்தால் ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். 60 நகர்வு ஓடும் ஆட்டத்தில் அந்த விநாடிகளே 10 நிமிடம் ஆகிவிடும். ஆக ஒருவருக்கு 25, இருவருக்குமாக 50 நிமிடம். ஐந்து சுற்றுக்குக் கணக்குப் போட்டு, நடுவில் சாப்பாட்டு நேரத்தையும் வழக்கமான தாமதத்தையும் சேர்த்தால் சனிக்கிழமை வீடு திரும்ப இருட்டிவிடும் என்பது புரியும். 60 நகர்வுக்கு ஒருவருக்கு இப்படி வரும் மொத்தம் 10 நிமிடத்துக்கு மேலும் 60 நிமிடத்துக்குக் கீழும் இருந்தால் அது ரேபிட்.

மூன்றாவது, தாமதமாக வந்தால் எத்தனை நிமிடத்தில் வாக்ஓவர், அதாவது ஆடாமலே எதிராளிக்கு வெற்றி, கொடுப்பார்கள் என்பது. அப்புறம், செஸ் செட்டும் கிளாக்கும் அவர்களே தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பது. சின்னப் போட்டிகளில் இந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் வெறுங்கையோடு வந்து தவிப்பவர்கள் உண்டு.

2. பதிவு

ரேட்டிங் போட்டிக்கு அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் பதிவும் ஃபிடே எண்ணும் வேண்டும். கூட்டமைப்பின் இணையதளத்தில் பிறந்த தேதிச் சான்றும் புகைப்படமும் கொடுத்துப் பதியலாம். இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பதிவு உறுதியாகச் சில நாள் ஆகலாம். போட்டிக்கான என்ட்ரி ஃபீஸைத் தனியாகக் கட்டி, ரசீது ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள். செஸ் ரிசல்ட்ஸ் இணையதளத்தில் வீரர் பட்டியல் வந்ததும் உங்கள் பெயர், பிறந்த வருடம், ஃபிடே எண் மூன்றையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

3. யாரோடு யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் ஸ்விஸ் முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் சனிக்கிழமை மதியமே மனசு விட்டுப்போகும். நாக்அவுட் மாதிரி இதில் தோற்றவர் வெளியே போவதில்லை. எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் அளவு புள்ளி எடுத்தவரோடு உங்களைச் சேர்ப்பார்கள். ஒருவரோடு இரண்டு முறை ஆட வராது. 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த போட்டியில் பயன்பட்டதால் அந்தப் பெயர். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் 11 சுற்றுகளும் இதே முறையில்தான் நடந்தன.

200 பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் வரிசைப்படி பட்டியல் போட்டு அதை நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். முதல் சுற்றில் 1ஆம் ஆளுக்கு 101, 2ஆம் ஆளுக்கு 102 என்று சேரும். ரேட்டிங் இல்லாத நீங்கள் 160ஆம் இடத்தில் இருந்தால் எதிரே வருபவர் 60ஆம் இடத்துக்காரர். அவர் உங்களைவிட நன்றாக ஆடுகிறவராகத்தான் இருப்பார். தோற்றால் அடுத்த சுற்றில், அதே மாதிரி தோற்ற இன்னொருவர். அவரை ஜெயித்தால் மறுபடி மேலே இழுப்பார்கள், மறுபடி அடி விழும். இப்படி நாலு சுற்று மேலும் கீழும் போய்வந்த பிறகுதான் உங்கள் தரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அது பெரும்பாலும் ஞாயிறு காலைக்குத்தான் நடக்கும்.

அதனால் சனிக்கிழமை முடிவில் ஐந்து சுற்றுக்கு இரண்டு புள்ளி என்று இருந்தால் அது கெட்ட கணக்கே இல்லை. சனி இரவோடு கிளம்பிப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் எதிராளிகளில் பாதிப் பேராவது குழந்தைகளாக இருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத பிள்ளை வந்து உட்காரும். அதன் ரேட்டிங் 1600 இருக்கும். 'பாவம், சின்னப் பிள்ளை' என்று நினைத்து வேகமாக ஆடினால் இருபதாவது நகர்வில் நீங்கள்தான் பாவம்.

4. முந்தைய இரண்டு வாரம்

புதிதாக ஒரு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை, கற்க இது நேரம் இல்லை. வெள்ளையில் நீங்கள் வழக்கமாக ஆடுவது ஒன்று, கறுப்பில் இ4க்கு (ராஜா முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம்) ஒரு பதில், டி4க்கு (ராணி முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம்) ஒரு பதில். இது போதும்.

மிச்ச நேரத்தை இரண்டு காரியத்துக்குக் கொடுங்கள். ஒன்று, நிஜப் பலகையில் ஆடிப் பழகுவது. திரையில் மேலிருந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு, மரப்பலகையைச் சாய்வாகப் பார்க்கும்போது தூரத்து மூலையில் நிற்கும் பிஷப் தெரியாமல் போகும். இது நிஜம். இரண்டாவது, ராஜாவும் யானையும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வது. நகர்வுக்குப் பத்து விநாடிதான் மிச்சம் என்ற நிலையில் அதைச் செய்து பாருங்கள். ராணியோடும் செய்யுங்கள், முக்கியமாக ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியில்லாமல் போய் டிரா ஆவது) ஆகாமல். ஜெயித்த ஆட்டத்தை டிராவாகத் தூக்கிக்கொடுக்கும் இடம் இதுதான்.

5. பையில் என்ன

தண்ணீர், பேனா, அடையாள அட்டை, பிள்ளைகளாக இருந்தால் வயதுச் சான்று நகல், ஏசி அரங்கமாக இருந்தால் ஒரு முழுக்கைச் சட்டை. சாப்பாடு கையோடு இருந்தால் நல்லது. மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நாலாவது சுற்றில் கொட்டாவி விடும் பெரியவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். தயிர்சாதமும் வாழைப்பழமும் எவ்வளவோ மேல்.

6. செயலி செய்த வேலையெல்லாம் இனி உங்கள் வேலை

ரேட்டிங் இல்லாதவர்கள் அதிகம் புள்ளி இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செயலியில் தப்பான நகர்வைச் செய்யவே முடியாது. பலகையில் முடியும். ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கிளாக்கை அழுத்திவிட்டால் அது இல்லீகல் மூவ். முதல் முறைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். 'செக்' என்று எதிராளி வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. எதிராளி அப்படித் தவறினால், நீங்கள் அடுத்த நகர்வைச் செய்வதற்கு முன்பே கிளாக்கை நிறுத்திக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். ஒரு நடுவர் பல பலகைகளைப் பார்க்கும் வழக்கமான ரேபிட் போட்டியில், நீங்கள் பதில் நகர்வு ஆடிவிட்டால் பிறகு முறையிட முடியாது.

தொட்ட காயை ஆடியாக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்டியே ஆக வேண்டும். காய் கட்டத்தில் கோணலாக நின்று நேராக்க வேண்டும் என்றால் முதலில் 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள், அதுவும் உங்கள் முறை வரும்போது மட்டும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் காஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கை. எந்தக் கையால் காயை நகர்த்தினீர்களோ அதே கையால் கிளாக்.

சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போய்விட்டது, பக்கத்தில் ராணி இல்லை. என்ன செய்வீர்கள்? வீட்டில் ஆடும்போது யானையைக் கவிழ்த்து வைத்து 'இதுதான் ராணி' என்போம். இங்கே கவிழ்த்து வைத்தாலும் அது யானைதான். கிளாக்கை நிறுத்தி நடுவரிடம் ராணி கேளுங்கள். அதற்கு உரிமை உண்டு.

நேரம் முடிந்ததும் செயலி மாதிரி ஆட்டம் தானாக நிற்காது. எதிராளியின் கிளாக் பூஜ்யம் காட்டுவதை நடுவர் கவனிக்காவிட்டால் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும், உங்களிடம் ராஜா மட்டும் இருந்தால் அது டிராதான், வெற்றி கிடையாது.

ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். ஆனால் ரேபிட்டில் நகர்வுகளை எழுதுவது கட்டாயமில்லை என்பதால் நிரூபிப்பது சிரமம். எதிராளி சும்மா முன்னும் பின்னும் ஆடுகிறார் என்று தெரிந்தால் நடுவரிடம் நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர்ஷீட் கேட்டு அந்த இடத்திலிருந்து எழுத ஆரம்பிக்கலாம். விதியில் இதற்கு இடமிருக்கிறது, பலருக்கும் தெரியாது.

டிரா கேட்பதற்கும் முறை உண்டு. நகர்வைச் செய்து, டிரா கேட்டு, பிறகு கிளாக்கை அழுத்த வேண்டும். ஒருமுறை மறுத்த பின் விடாமல் கேட்டு நச்சரிக்கக் கூடாது. எதிராளி அப்படி நச்சரித்தால் நீங்களாக அதட்ட வேண்டாம், நடுவரிடம் சொல்லுங்கள். எந்தத் தகராறு ஆனாலும் எதிராளியோடு நேரடியாக வாதம் வேண்டாம். எதிரே இருப்பது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் கூடாது.

செல்போன் ஆடும் இடத்துக்குள் வரவே கூடாது. உங்களிடம் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் போய்விடும், அது ஒலிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பையில் அணைத்து வைக்க அனுமதி உண்டா என்று புராஸ்பெக்டஸில் பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச்சும் அப்படியே.

7. இரண்டு சுற்றுக்கு நடுவில்

ஆட்டம் முடிந்ததும் கைகொடுத்துவிட்டு, முடிவை நடுவர் சரியாகக் குறித்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இணையத்தில் தப்பாக ஏறியிருந்தால் அடுத்த சுற்றுக்கு யாரோடு யார் என்ற பேரிங் போடுவதற்குள் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் போனை வாங்கி, நகர்வுகளை அலசும் செஸ் என்ஜினில் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். எந்த நகர்வில் ஜெயித்திருக்கலாம் என்று அது காட்டும், அந்தக் கவலையோடு அடுத்த ஆட்டத்துக்குப் போவீர்கள். ஒரு தாளில் ஓப்பனிங் பெயரையும், எந்த இடத்தில் சிக்கல் ஆனது என்பதையும் இரண்டு வரி எழுதி மடித்து வைத்தால் போதும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் 'எப்படி விட்டே?' என்று கேட்பதற்குப் பதில் தண்ணீரை நீட்டுங்கள்.

வீரர்கள் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் இருக்கும் ஒருவருக்குப் 'பை' வரும். ஆடாமலே ஒரு புள்ளி. ரேட்டிங் கணக்கில் அது சேராது. அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் போய் டீ குடியுங்கள்.

ஒரு சுற்றுக்கு வர முடியாது என்றால் சொல்லாமல் போகக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் சில போட்டிகளில் அந்தச் சுற்றுக்கு அரைப் புள்ளி தருவார்கள். சொல்லாவிட்டால், உங்களுக்காகக் காத்திருந்த ஒருவருடைய ஆட்டமும் கெடும்.

8. ஞாயிற்றுக்கிழமை

சனி இரவு சீக்கிரம் தூங்குங்கள், செயலியில் ஆடாதீர்கள். ஞாயிறு காலை வரும் எதிராளி ஏறக்குறைய உங்கள் பலம் உள்ளவர். சனிக்கிழமை மாதிரி ஆட்டம் தானாக ஒரு பக்கம் சாயாது. அதனால் கிளாக்கில் இருக்கும் நேரத்தைச் செலவு செய்யுங்கள். ரேட்டிங் இல்லாதவர்கள் தோற்ற ஆட்டங்களில் கிளாக்கைப் பார்த்தால் பத்து நிமிடம் அப்படியே மிச்சம் இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் 'இவர் இப்போது எதை வெட்டப் பார்க்கிறார்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வதற்கு அந்தப் பத்து நிமிடம் தாராளம்.

கடைசி இரண்டு சுற்றில் எல்லோருமே களைத்துப் போயிருப்பார்கள். மோசமான நிலையில் இருந்தாலும் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிடாதீர்கள். களைத்த எதிராளி யானையை வெட்டுக்குச் சும்மா கொடுத்துவிடுவதை அந்த மாலையில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

9. பரிசும் ரேட்டிங்கும்

ஒரே புள்ளியில் பலர் நிற்பார்கள். இடத்தைத் தீர்மானிக்க டை பிரேக் உண்டு. அடிக்கடி பயன்படுவது புக்ஹோல்ஸ், அதாவது உங்களோடு ஆடியவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஆகவே முதல் சுற்றில் உங்களை அடித்தவர் தொடர்ந்து ஜெயித்தால் உங்களுக்கும் லாபம். நேரமிருந்தால் அவர் பலகைப் பக்கம் போய் மனசுக்குள் கைதட்டுங்கள். ரேட்டிங் இல்லாதவர்களுக்கும் வயதுவாரியாகவும் தனிப் பரிசு வைப்பது வழக்கம் என்பதால், பட்டியலைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட வேண்டாம். நேரில் இல்லாதவருக்குப் பரிசு இல்லை என்றும் பல இடங்களில் போட்டிருப்பார்கள்.

ரேட்டிங் வர, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடியாவிட்டால் 26 மாதத்துக்குள் ஆடும் மற்றப் போட்டிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் போட்டியில் அவர்களிடம் பூஜ்யம் என்றால் அது கணக்கில் வராது. கணக்கிட்டு வரும் எண் 1400க்குக் குறைந்தாலும் பட்டியலில் ஏறாது. இந்த 1400 வரம்பு 2024 மார்ச்சில் வந்தது, அதற்கு முன் 1000ஆக இருந்தது. பழைய காலத்து ஆட்கள் 'ஒரு போட்டி ஆடினாலே ரேட்டிங் வந்துடும்' என்றால் அப்படியே நம்ப வேண்டாம்.

பட்டியல் மாதத்தின் முதல் தேதியில் புதுப்பிக்கப்படும். ஃபிடே தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் என்று மூன்று தனித்தனிக் கட்டம் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருப்பதை.